என்ட கல்லு எங்க, தம்பி?

உச்சமுனையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். மேற்கே வெளிக்கடல். கிழக்கே களப்பு, அதன் வாயில் ஒல்லாந்தர் குடா, அதற்கும் அப்பால் போர்த்துக்கல் குடா. எந்தப் பக்கத்துக் கடல் இரைகிறது என்பதை மாமி பாயில் கிடந்தபடியே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஊரில் பெண் எடுத்தவனுக்குக் கடல் பார்க்க ஆசை வந்தால் படலையைத் திறந்தால் போதும். எனக்கு அந்த ஆசை வந்தது கொரோனா அடைப்புக் காலத்தில், கற்பிட்டியில் என் வீட்டில் இருந்தபோது. படலையைத் திறந்தால் பொலிஸ் பிடிக்கும். ஆகவே ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன்.

இரண்டடி நீளம். எழுபது லீற்றர் கொள்ளும். மீன் வளர்க்கிற தொட்டி இல்லை, பவளப்பாறையையே குட்டியாக வளர்க்கிற தொட்டி என்று விற்றவர் சொன்னார். அவர் சொன்ன தொனியில் விலையும் கூடிவிட்டது.

தண்ணீர்தான் முதல் சிக்கல். கற்பிட்டி இறங்குதுறைப் பக்கம் என்ஜின் எண்ணெய் வானவில் விரித்துக் கிடக்கும். களப்பின் தெற்கு மூலைக்குப் போனாலோ கோடையில் அது கடலைவிட உப்பு. புத்தளத்தில் உப்பளங்கள் இருப்பது அழகுக்கு இல்லை. கடைசியில் உச்சமுனையின் வெளிக்கடல் தண்ணீர்தான் தோது என்று முடிவாகி, ஊர் திறந்த பிறகு, மாமாவின் வள்ளத்தில் இருபது லீற்றர்க் கான் நாலு நிரப்பிக் கொண்டுவந்து இறக்கினேன். துறையில் நின்றவர்கள் தீவுப் பக்கம் குடிதண்ணீர்க் கான் ஏற்றிப் பழகியவர்கள். தீவுப் பக்கமிருந்து கான் வந்து இறங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

“என்ன தம்பி, நல்ல தண்ணியா?”

“இல்ல, உப்புத் தண்ணி.”

கேட்டவர் களப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி களப்பைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் என்னைக் கண்டால், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கொஞ்சம் அழுத்தித்தான் விசாரிப்பார்.

அடுத்தது கல். கடல்தொட்டிக்காரர்கள் உயிர்க்கல் என்பார்கள். வருஷக்கணக்காகக் கடலில் ஊறி, பற்றீரியாக்கள் குடியேறிய கல். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அவைதான் தின்று தீர்க்கும். கல் இல்லாவிட்டால் மீன் தன் மூத்திரத்திலேயே மூழ்கிச் சாகும். கல்லுக்கு எங்கள் கரையில் பஞ்சமா? நேரே வெளியே பார் றீஃப் கிடக்கிறது, 300 சதுர கிலோமீற்றருக்கு மேல். 1992 இல் சரணாலயம் ஆக்கினார்கள். பார் என்றாலும் எங்கள் ஆட்களுக்குக் கடலடிப் பாறைத்திட்டு, றீஃப் என்றாலும் அதுதான். நடுசென்டர் மாதிரி ஒரு பெயர். ஆனால் பவளக்கல்லில் கை வைத்தால் மறியல். மறியலுக்குப் பயந்து மட்டும் நான் விலகவில்லை. 1998 இல் கடல் சூடாகி அந்தப் பாரின் பவளமெல்லாம் வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளிறிச் செத்ததை மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் தேறி வந்ததை 2016 இல் மறுபடி சூடு அடித்தது. செத்த வீட்டுக்குள் புகுந்து சட்டி பானை எடுத்துவர யாருக்கு மனம் வரும்?

அந்த நேரத்தில்தான் மாமாவின் நங்கூரம் கண்ணில் பட்டது. பழைய அங்கர் பால்மா டின்னுக்குள் சீமெந்து ஊற்றி, நடுவில் கம்பி வளையம் செருகிச் செய்தது. டின் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்துபோய், உருளை மட்டும் மிச்சம். அங்கர் டின்னில் செய்த நங்கூரம் என்பதில் உள்ள பகிடியை மாமாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நண்டு வலையோடு போய்ப் போய்க் கடலடியில் கிடந்து, உடம்பெல்லாம் இளஞ்சிவப்புப் பாசி ஏறி, ஒரு பக்கத்தில் கடற்பஞ்சும் ஒட்டி, எனக்கு அது பவளத்தையே தோற்கடிக்கும் அழகாகத் தெரிந்தது.

“மாமா, இத ஒரு கிழமைக்கு இரவல் தாங்க.”

“நங்கூரத்தையா?”

“ஓம்.”

“வள்ளம் வாங்கப் போறீங்களா தம்பி?”

மருமகன் கேட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தந்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வருஷம், தொலைபேசியில் கதைத்தாலும் நேரில் கண்டாலும், பேத்தியின் சுகம் விசாரித்து முடித்த கையோடு மாமா கேட்ட கேள்வி ஒன்றுதான்: “என்ட கல்லு எங்க, தம்பி?”

கல் தொட்டிக்குள் இறங்கிய முதல் மாதம் கல்யாண வீடுதான். தினம் ஒருவர் கல்லுக்குள்ளிருந்து வெளியே வந்தார். விசிறி விரிக்கிற குழாய்ப்புழு ஒன்று. இரவில் மட்டும் கையை நீட்டுகிற மெல்லிய நட்சத்திரமீன் ஒன்று. கடையிலிருந்து ஒரு சோடி நீமோ வாங்கி விட்டேன். நீமோ படம் வந்த பிறகு அந்த மீனுக்கு வேறு பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. சின்ன ஓட்டுத் துண்டில் ஒட்டிய பட்டன் பொலிப் கொஞ்சமும் வாங்கினேன், பச்சை நடுவும் மண்ணிற விளிம்புமாக. விறாந்தையில் கதிரையைப் போட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு தொட்டிக்கு முன்னால் இருந்தால் மாலை போவது தெரியாது.

ஒரு நாள் மகள் சொன்னாள்: “அப்பா, கல்லுக்குத் தாடி முளைச்சிருக்கு.”

மணிக்கூடு திருத்துகிற நண்பரிடம் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் வில்லையை இரவல் வாங்கினேன். (இரவல் வாங்குவதில் எனக்குக் கூச்சமே கிடையாது.) கல்லின் மேல் சிலந்தி வலை மாதிரி ஒரு கொடி பின்னிப் படர்ந்திருந்தது. கொடியிலிருந்து நூலைவிட மெல்லிய காம்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் குண்டூசித் தலை போன்ற சிறு முடிச்சுகள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. மீனுக்கு வழக்கம்போல ஆட்டீமியாக் குஞ்சு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு வில்லையை எடுக்காமல் இருந்தேன்.

ஆட்டீமியா என்ற இந்த உப்புத்தண்ணீர்ச் சிற்றுயிர் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. இங்கே இறால் வளர்ப்பு 1996 இல் வெண்புள்ளி நோயில் விழுந்து எழும்பிய தொழில். இறால் குஞ்சுக்குத் தீனி இந்த ஆட்டீமியாதான். காய்ந்த முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் செம்மஞ்சள் தூசி மாதிரிக் குஞ்சு பொரிக்கும். பொரிப்பகத்தில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் எனக்கு அவ்வப்போது ஒரு சிட்டிகை முட்டை தருவார். அந்தச் செம்மஞ்சள் தூசிகளில் ஒன்று துள்ளித் துள்ளி நீந்தி வந்து ஒரு காம்பின் தலையில் முட்டியது. முட்டிய இடத்திலேயே நின்றது. ஒரு கால் மட்டும் இரண்டு தரம் துடித்தது. காம்பு மெதுவாகக் குனிந்து, வாய் திறந்து, முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காம்பின் வயிறு, இரத்தம் குடித்த நுளம்பு மாதிரி, செம்மஞ்சளாக உப்பி நின்றது. நிமிர்ந்து கல் முழுக்கப் பார்த்தேன். தாடி மொத்தமும் செம்மஞ்சள். தினமும் பின்னேரம் நான் மீனுக்கென்று ஊற்றியதில் நீமோ தின்றது கால்வாசி, மிச்சம் பந்தி இவர்களுக்கு.

உயர்தர வகுப்பில் ஐதரா படம் கீறிப் பகுதிகளைக் குறித்தவன் நான், ஆளைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. ஐதரொயிட். நிடாரியாக் கூட்டம்: பவளத்துக்கும் சொறிமுட்டைக்கும் உறவுமுறை. இவர்களின் தொழில் கொட்டுவது. தோலில் இருக்கும் கொட்டுங் கலத்துக்குள் சுருட்டி வைத்த ஈட்டி ஒன்று உண்டு. ஐதராவில் அந்த ஈட்டி பாயும் வேகத்தை 2006 இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் படம் பிடித்து அளந்தார்கள்: 700 நனோசெக்கன். நாம் ஒரு தரம் கண் இமைக்கும் நேரத்தில் அது லட்சம் தடவைக்கு மேல் சுட்டு முடித்துவிடலாம். போர்த்துக்கேயரின் போர்க்கப்பல் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த நீலச் சொறி இதே வம்சம். தொட்டால் எரிகிற நெருப்புப் பவளமும் பவளமே இல்லை, இவர்களின் ஒன்றுவிட்ட சகோதரம். போர்த்துக்கேயர் வந்தார்கள், குடா ஒன்றுக்குப் பெயரை விட்டுவிட்டுப் போனார்கள். ஒல்லாந்தரும் அப்படியே. என் தொட்டிக்கு வந்தவர்கள் மட்டும் போகிற மாதிரித் தெரியவில்லை. பட்டன் பொலிப்புகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வாய் மூடத் தொடங்கின.

முதல் யோசனை எல்லோருக்கும் வருகிற யோசனைதான். பல் தூரிகை எடுத்து நன்றாகத் தேய்த்தேன், தொட்டிக்குள் வைத்தே. தாடி மழித்த முகம் மாதிரிக் கல் பளிச்சென்று ஆனது. என் மணிக்கட்டில் மட்டும் செம்புள்ளியாக எழும்பி, இரவு முழுக்கச் சொறிந்தேன். மனைவி தேங்காயெண்ணெய் பூசிவிட்டாள். வெற்றிக்கு அது சின்ன விலை என்று படுத்தேன்.

மூன்றாம் கிழமை கண்ணாடியில் முளைத்திருந்தது. பம்பியில் முளைத்திருந்தது. குழாய்ப்புழுவின் குழாயில் முளைத்திருந்தது. பட்டன் பொலிப் இருந்த ஓட்டுத் துண்டிலும் ஒரு கொடி எட்டிப் பார்த்தது.

இரத்தபீசன் கதை தெரியாதவனா நான்? வெட்டச் சிந்திய ஒவ்வொரு துளி இரத்தமும் ஒரு அசுரனாக எழும்பியது என்று பக்கத்து வீட்டு ஐயர் சொன்னபோது வாய் பிளந்து கேட்டவன்தான். கதை தெரிந்தால் மட்டும் போதாது, கையில் தூரிகை இருக்கும்போது நினைவுக்கு வரவும் வேண்டும். விஞ்ஞானமும் இதை எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது. ஹேக் நகரத்தில் ஒரு கோமகன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆபிரகாம் திறெம்பிளி, 1740 இல் குளத்தில் பிடித்த ஐதரா ஒன்றைக் குறுக்கே வெட்டினார். இரண்டாயிற்று. இன்னும் வெட்டினார், இன்னும் கூடிற்று. 1744 இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். தலை வெட்ட வெட்ட முளைக்கும் கிரேக்கப் பூதத்தின் பெயர்தான் பிறகு அதற்கு நிலைத்தது. ஹேக் எங்கே இருக்கிறது? ஒல்லாந்தில். அந்த வருஷங்களில் கற்பிட்டிக் கோட்டையில் பறந்தது யாருடைய கொடி? 1667 இல் தொடங்கிக் கோட்டை கட்டியவர்கள் 1740 இலும் அங்கேதான் இருந்தார்கள். கப்பலில் ஒரு துண்டுக் கடிதம் போட்டிருந்தால் ‘தேய்க்காதே’ என்ற செய்தி அந்தக் காலத்திலேயே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இதற்குள் 2022 வந்தது. அந்தப் பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. பம்பி நின்றது. நானும் மகளும் முறை வைத்துக் கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுக் கலந்தோம். ஒரு நீமோ போய்விட்டது. குழாய்ப்புழு போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன், தாடிக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு பாகை இரண்டு பாகை சூடு கூடினால் பவளம் வெளிறிச் சாகிறது. அதன் உறவுக்காரனுக்கு நாடே வங்குரோத்தானாலும் ஒன்றும் ஆவதில்லை. அந்த ஆகஸ்டில் வள்ளம் ஓடுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தபோது மாமா தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, உங்கட கடலுக்கு இனி என்னால ஓடேலாது.”

“சரி மாமா.”

“என்ட கல்லு எங்க?”

வெளிநாட்டுத் தொட்டிக்காரர்கள் ஐதரொயிட்டுக்குச் சுண்ணாம்புக் குழம்பு பூசுவார்கள். அவர்கள் அதை டப்பாவில் அடைத்துக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கல்சியம் ஐதரொட்சைட்டு. நம் வீடுகளில் அது மாமியின் வெற்றிலைத் தட்டத்தில் இருக்கிறது. மாமி பேத்தியைப் பார்க்க வந்து நின்ற கிழமையில் சிமிழோடு எடுத்துவந்தேன். முறை இதுதான்: பம்பியை நிறுத்த வேண்டும், குழம்பை ஊசிச் சிறிஞ்சில் எடுத்துக் காம்புகளின் மேல் மெதுவாக வைக்க வேண்டும், கால் மணித்தியாலம் விட வேண்டும், ஒரு நாளைக்குச் சின்ன இடம் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, போனால் தண்ணீரின் காரம் ஏறிவிடும். கடைசி விதியைத் தவிர எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன். தொட்டி தேங்காய்ப்பால் ஆயிற்று. மிஞ்சிய நீமோவை அவசரமாக வாளிக்கு மாற்றினோம். சுண்ணாம்பு பட்ட இடத்து ஐதரொயிட் கரைந்துபோனது உண்மை. அந்த வைத்தியம் வேலை செய்கிறது. ஆனால் கல்லின் குழிகளுக்குள், கம்பி வளையத்தின் அடியில், குழம்பு எட்டாத இடங்களில் கொடி பத்திரமாக இருந்தது. மாமி அன்றைக்கு வெற்றிலையை வெறும் பாக்கோடு மென்றார். “நாப்பது வருசமா நான் தின்னுறன், ஒரு நாள் குறைஞ்சதில்ல. மீனுக்குச் சுண்ணாம்பு குடுக்கிற மருமகன் எனக்குத்தான் வாச்சிருக்கு” என்றார், யாரையும் பார்க்காமல்.

சுப்பர் குளூவால் மூடி மூச்சை அடைக்கிற வழியும் ஒன்று உண்டு. விரல் நுனியளவு திட்டுக்கு அது நல்ல வைத்தியம். என் திட்டு உள்ளங்கை அளவு. குளூ முடிந்தது, விரல்களில் இரண்டு ஒன்றாயின, தாடி ஓரத்தால் வந்தது. ஐதரசன் பரவொட்சைட்டைப் பற்றியும் சொல்லலாம். சொல்ல ஒன்றும் இல்லை: நுரைத்தது.

பிறகுதான் ஆட்டு மருந்து. கடற்குதிரைக் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு ஐதரொயிட் பரம எதிரி. ஆட்டீமியாக் குஞ்சையும் தின்று, தும்பு போன்ற கடற்குதிரைக் குஞ்சையும் கொட்டும். அவர்கள் பயன்படுத்துவது பென்பென்டசோல். ஆடு, மாடு, நாய்களுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்து. நான் மிருக மருந்துக் கடைக்குப் போனேன். கடை நானா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டார்.

“எத்தின ஆடு?”

“ஆடு இல்ல நானா.”

“மாடா?”

“இல்ல.”

“நாய் எண்டு சொல்லுங்களே. என்ன நிறை வரும்?”

“ஒண்டு மணலளவு இருக்கும்.”

நானா பேனையைக் கீழே வைத்தார்.

“எத்தின இருக்கு?”

“பத்தாயிரம் வரும்.”

“எங்க வச்சிருக்கிறீங்க இவ்வளவையும்?”

“விறாந்தையில.”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் ஒரு அடி தள்ளி நின்றார். நானா ஒன்றும் பேசாமல் மருந்தைச் சுற்றித் தந்தார், மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து விசாரித்துப் பார்த்தால், அந்த மருந்து ஐதரொயிட்டைக் கொல்வது மெய்தான். கூடவே குழாய்ப்புழு, சில நத்தை, மென்பவளம் சிலதையும் கொண்டுபோய்விடும், கல்லுக்குள் ஊறி நின்று பிறகு விடுகிற நத்தைகளையும் கவனிக்கும் என்றார்கள். என் நத்தைகளைப் பார்த்தேன். கண்ணாடியில் பாசி தின்றுகொண்டிருந்தன, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல். மருந்தை உச்சமுனைக்கு அனுப்பினேன். மாமியின் ஆடு இப்போது நல்ல வாட்டசாட்டம்.

புழு என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. மன்னார்க் குடாவில் முத்துச் சிப்பிகள் ஏன் காணாமல் போகின்றன என்று பார்க்க 1902 இல் லிவர்ப்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கைக்கு வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹோர்னெல். 1903 தொடங்கி 1906 வரை ஐந்து பாகமாக அறிக்கை வந்தது. அதில் ஐதரொயிட்டுகளுக்கென்றே லோறா தோர்ன்லி எழுதிய பகுதி ஒன்று 1904 இல் வெளியானது. நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே எங்கள் கடல் தாடியை ஒரு அம்மா வகைபிரித்து எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு இனம்புரியாத ஆறுதல் வந்தது. அதே ஹேர்ட்மன், சிப்பிக்குள் முத்து உருவாவதற்கு நாடாப்புழுவின் குடம்பிதான் காரணம் என்று நம்பினார். அந்தக் காலத்தில் நானாவின் கடை இருந்து, யாராவது ஒருவர் சிப்பிக்கெல்லாம் பூச்சி மருந்து கொடுத்திருந்தால்? முத்துச் சலாபமே அத்தோடு முடிந்திருக்கும்.

கடைசி முயற்சியாக, கற்பிட்டியில் அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடி ஒருவரிடம் போனேன். ஓடில்லாத கடல் நத்தைகளில் சில, ஐதரொயிட்டையே ஆகாரமாகத் தின்பவை. தின்பதோடு நிற்பதில்லை, அதன் கொட்டுங் கலங்களை வெடிக்காமல் விழுங்கி, தன் முதுகுத் தோகையில் அடுக்கி வைத்து, தன்னைக் கடிக்க வருகிறவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தும். களவெடுத்த துவக்கால் காவல் காக்கிற ஆள். அப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன்.

“எடுக்கிறது பிரச்சினையில்ல தம்பி,” என்றார் அவர். “ஒவ்வொண்டும் ஒவ்வொரு சாதிப் பூவத்தான் தின்னும். உங்கட வீட்டுப் பூ அதுக்குப் பிடிக்குமோ தெரியாது. பிடிச்சா, முடியிற வரைக்கும் தின்னும். முடிஞ்சா அதுவும் செத்துப்போகும்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடல் நத்தையைக் கூட்டிவந்து பட்டினி போட்டுக் கொல்ல நான் யார்?

இந்த நிலைமையில்தான் தலவில் அன்னம்மாள் திருநாள் வந்தது. ஆகஸ்டில் உச்சமுனைச் சனம் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து அங்கிருந்து பஸ் ஏறும். மாமாவும் மாமியும் முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் தங்கினார்கள். கல் விஷயம் வந்துவிடக் கூடாது என்று தொட்டியைச் சேலையால் மூடி வைத்திருந்தேன். மகள் தாத்தாவின் கையைப் பிடித்து நேரே அங்கேதான் கூட்டிப்போனாள்.

மாமா குனிந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இதா தம்பி உங்கட வருத்தம்? இது கயிறில முளைக்கிற சொறியல்லோ.”

“ஓம் மாமா. கொட்டும்.”

“கொட்டாம? விடிய வலை வலிக்கிற கைக்குத் தெரியாதா.”

“முளைச்சா நீங்க என்ன செய்யிறது?”

“எதுக்கு?”

“அத இல்லாமப் பண்ண.”

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“வெயில்ல போடுறது. காயும்.”

சொல்லிக்கொண்டே சேட்டுக் கையை மடித்து, தண்ணீருக்குள் கை விட்டு, வளையத்தைப் பிடித்துக் கல்லைத் தூக்கினார். மூன்று வருஷமாக நான் தொட்டிக்குள் வைத்தே வைத்தியம் பார்த்த நோயாளி, ஐந்து செக்கனில் விறாந்தைத் தரையில் நீர் வடிய இருந்தது. அதைத் தூக்கி வெளியே வைக்கலாம் என்ற எண்ணம் எனக்கு ஒரு நாளாவது வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். உயிர்க்கல் காய்ந்தால் பற்றீரியா செத்துப்போகும் என்று பயந்து, ஈரம் குறையாமல் காத்து வந்தது தாடியைத்தான்.

மறுமுறை நான் இரவல் கேட்டுவிடுவேன் என்ற பயம் மாமாவுக்கு. கல்லைச் சீலைப் பையில் போட்டுத் தலவிலுக்கும் கொண்டுபோனார். அன்னம்மாள் சந்நிதியில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பூசை கண்டார் என்று மாமி பிறகு சொன்னார்.

கல் போன பிறகு மிஞ்சியது கண்ணாடியிலும் குழாயிலும் இருந்தவை. இந்த முறை தேய்க்கவில்லை. சவரக்கத்தியால் சுரண்டும்போதே மற்றக் கையால் குழாய் வைத்துத் தண்ணீரோடு உறிஞ்சி வெளியே எடுத்தேன், ஒரு துணுக்கும் மிதந்து போகாமல். பம்பியைக் கழற்றி முற்றத்து வெயிலில் காயவைத்தேன். கல் செய்த வேலையை ஒரு பஞ்சு வடிகட்டிக்குக் கொடுத்தேன். ஆட்டீமியாவை நிறுத்தினேன், நீமோவுக்கு நறுக்கிய இறால் துண்டு, கண் முன்னாலேயே கொடுத்து, தின்று முடித்ததா என்று பார்த்து. பந்தி நின்றதும் மிச்சக் காம்புகள் மெலிந்தன. ஆறாம் கிழமை வில்லை வைத்துத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. வில்லையைத் திருப்பிக் கொடுத்தேன். மணிக்கூட்டு நண்பர் அதைத் தொலைந்துபோனதாகவே எண்ணியிருந்தார். பட்டன் பொலிப்பில் ஒன்பது மிஞ்சின. இப்போது பதினாலு.

ஐப்பசியில் உச்சமுனைக்குப் போனேன். வாடைக்கு முந்திய கடைசி வெயில். மாமாவின் வள்ளத்தடியில் வலை விரித்துக் காய்ந்தது. பக்கத்திலே கல், கம்பி வளையத்தில் புதுக் கயிறு கட்டி. மூன்று கிழமை காய்ந்து எலும்பு மாதிரி வெளுத்திருந்ததாம், பிறகு வலையோடு மறுபடி கடலுக்குப் போய் வருகிறது. குனிந்து பார்த்தேன். வளையத்தின் அடியில், விரலளவு இடத்தில், சாம்பல் நிறமாக ஏதோ மினுங்கியது.

“மாமா, இஞ்ச பாருங்க, திரும்பவும் முளைச்சிருக்கு.”

மாமா வலையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“முளைக்கும். ஞாயித்துக்கிழமை நாங்க கடலுக்குப் போறதில்ல. அண்டைக்குக் காயும்.”